பெயர் ஏறாத மூட்டை

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் மரக்காணத்தில் ஆரோவில்லைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு செய்திதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் செம்மண் மேட்டில் கீற்றுக் குடிசை போட்டுக்கொண்டு மரம் நடுகிறார்கள். குழி வெட்டவும் தண்ணீர் ஊற்றவும் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள். எங்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். உப்பளத்தில் வேலை நின்றுபோகும் மழைக்காலத்தில் என் பெரியப்பா, குயிலாப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு அங்கே வரப்புப் போடும் வேலைக்குப் போவார்.

அன்றைக்கு அந்த மேட்டில் பார்ப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தாழியில் இட்டு, ஒரு ஆலமரத்தருகே தொடங்கிய ஊர் அது. சுற்றிலும் முந்திரித் தோப்பு, பனை, மழை அறுத்த ஓடைகள். ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து செந்நீராய்க் கடலில் போய்ச் சேரும். அந்த மண்ணைத் தடுத்து நிறுத்திக் காடாக்கியதில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதே அளவு பங்கு கோட்டக்கரை, இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், பொம்மையார்பாளையம் ஆட்களின் மண்வெட்டிக்கும் உண்டு.

இன்று நிலைமை வேறு. சென்னையில் யாருக்காவது பரிசு வாங்க வேண்டுமென்றால் ஆரோவில் ஊதுபத்தியும் மெழுகுவர்த்தியும் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆரோவில்லின் மரோமா கூடத்து வாசனைப் பொருள்கள் கடல் கடந்து விற்கின்றன. லா ஃபெர்ம் பாலாடைக்கட்டியைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2003-ல் கிராமத்து இளைஞர்களுக்குத் தொழில் பழக்கத் தொடங்கிய ஸ்வரம் பட்டறையில் செய்த இசைக்கருவிகளைப் பெரிய கலைஞர்கள் வாங்கிப் போகிறார்கள். அழுத்திய மண்கல்லில் வீடு கட்டுவதைக் கற்றுக்கொள்ள எங்கெங்கிருந்தோ ஆரோவில் புவி நிறுவனத்துக்கு வருகிறார்கள். ஆரோவில்லுக்கு ஒருநாளும் வராதவர்கூட அந்த ஊரைப் பற்றி ஒரு எண்ணம் வைத்திருக்கிறார் என்றால், அதைப் பெரும்பாலும் உண்டாக்கியது இந்தச் சரக்குகள்தான். எந்தச் சுற்றுலாத் துறை விளம்பரமும் இதைச் செய்திருக்க முடியாது.

இது தற்செயலாக நடந்ததல்ல. அங்குள்ள தொழிற்கூடம் எதுவும் அதை நடத்துகிறவரின் சொந்தச் சொத்து இல்லை. 1988-ல் நாடாளுமன்றம் இயற்றிய ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தின்படி எல்லாம் பொதுவில் அடங்கும். நிகர லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பொது நிதிக்குத் தருவது வழக்கமான ஏற்பாடு. ஒருவர் தரம் குறைந்த பொருளை விற்றால் கெடுவது எல்லாருடைய பெயரும் என்பதால் ஒருவருக்கொருவர் காவலாக நிற்கிறார்கள். இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

சித்தி பல வருடம் அந்த வட்டாரத்தில் ஒரு ஊதுபத்திக் கூடத்தில் வேலை செய்தாள். கரித்தூள் குழைத்த மாவை மூங்கில் குச்சியில் வைத்துப் பலகை மேல் ஒரே சீராக உருட்ட வேண்டும். ஒரு இடம் தடித்து ஒரு இடம் மெலிந்தால் பாதியில் அணைந்துவிடும். அவள் உருட்டியதில் பழுது எடுக்க முடியாது. அழகான கைக்காகிதப் பெட்டியில் அடுக்கி முடித்ததும் ஒருநாள் என்னிடம் காட்டிச் சொன்னாள்: "ஆரோவில்னு எவ்ளோ அழகா போட்டிருக்காங்க பாருடா. கீழ ஒரு ஓரத்துல குயிலாப்பாளையம்னும் போட்டா என்னவாம்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அது நியாயமான கேள்வி. 50 ஆயிரம் பேர் வாழத் திட்டமிட்ட நகரத்தில் இன்று குடியிருப்போர் சுமார் 3 ஆயிரம் பேர். சுற்றுக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்து போகிறவர்கள் அதைவிட அதிகம். உலகம் முகர்ந்து பார்க்கும் அந்த வாசனையில் பாதிக்கு மேல் இவர்கள் கைபட்டது.

இப்போது குயிலாப்பாளையம் தெருவில் நடந்தால் ஸ்கூட்டர் வாடகைக் கடை, துணிக்கடை, தங்கும் விடுதி என்று பார்க்கிற பலகைகளில் எல்லாம் 'ஆரோ' முன்னால் ஒட்டியிருக்கிறது. இதைப் போலி என்று ஏளனம் செய்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஆரோவில் தொழிற்கூடத்தில் செய்யாத பொருளை அங்கே செய்ததாகச் சொல்லி விற்பது தவறு, அதைத் தடுக்க வேண்டும். ஆனால் தன் பெயருக்கு மதிப்பில்லை என்று ஒரு ஊர் நம்பும்படி ஆகிவிட்டதே, அதுதான் என்னை வருத்துகிறது.

நல்ல முன்மாதிரி ஆரோவில்லிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடம் மீனவக் குப்பத்துப் பெண்களைக் கூப்பிட்டு, வெட்டி மிஞ்சிய துணியில் விரலளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். அதை விற்பதில்லை, கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர்கள் விரும்பியதைத் தரலாம். லட்சக்கணக்கில் பல நாடுகளுக்குப் போன அந்தப் பொம்மையோடு, அதைச் செய்தவர்கள் யார், எந்தக் கரையைச் சேர்ந்தவர்கள் என்ற கதையும் சேர்ந்தே போனது. ஊதுபத்திப் பெட்டிக்கும் அது முடியாத காரியமா?

இனி எங்கள் உப்புக்கு வருகிறேன். ஆரோவில்லிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் வந்தால் எங்கள் உப்பளம், 3 ஆயிரம் ஏக்கருக்கு மேல். தமிழ்நாட்டு உப்பு என்றதும் தூத்துக்குடி, வேதாரண்யத்தை அடுத்துச் சொல்லும் பெயர் மரக்காணம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்தியைச் சேறாக்கி, மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டியாக்குவார்கள். கழிமுகத்து உப்பங்கழி நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் சுண்டவைத்து, பூத்து வருவதைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். கோடை முழுக்க உப்புநீரில் நின்று பாதம் வெடித்துப்போகும். மேலிருந்து அடிக்கிற வெயிலோடு கீழே வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்து கண்ணைக் கெடுக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது உப்பளமெல்லாம் ஏரியாகிவிட்டது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் பாத்தியை முதலிலிருந்து மிதிக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த உப்பு பெயரில்லாத மூட்டையில் லாரி ஏறுகிறது. தோல் பதனிடவும் கருவாடு போடவும் கொஞ்சம், மீதி எங்கோ அரைத்து, அயோடின் சேர்த்து, யாருடைய பெயரிலோ பாக்கெட்டாகிறது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். என் வாழ்நாளில் செம்மண் மேடு காடாகிவிட்டது, குடிசையில் தொடங்கிய கூடங்கள் ஏற்றுமதி நிறுவனங்களாகிவிட்டன. எங்கள் மூட்டை மட்டும் மாறவில்லை.

பிரான்சின் மேற்குக் கரையில் கெராண்ட் என்ற உப்பளப் பகுதி இருக்கிறது. அங்கும் கையால்தான் உப்பு வாருகிறார்கள். எழுபதுகளில் அழியும் நிலைக்கு வந்தது. உப்பு வாருகிறவர்களே ஒன்றுகூடி, கூட்டுறவு அமைத்து, ஊரின் பெயரிலேயே விற்றார்கள். 2012-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் கிடைத்தது. இன்று உலகச் சமையற்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வாங்குகிறார்கள். அந்த நாட்டிலிருந்து ஆரோவில்லுக்கு வருகிற பயணிகள் எங்கள் உப்பளத்தின் ஓரமாக வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுத்தனுப்ப எங்களிடம் பெயர் போட்ட ஒரு பொட்டலம் இல்லை.

ஆரோவில் கூடங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெட்டியின் ஓரத்தில் அதைச் செய்த ஊரின் பெயரையும் போடுங்கள். உங்கள் பார்வையாளர் மைய அங்காடியில் மரக்காணம் உப்புக்கு ஒரு தட்டு ஒதுக்குங்கள். எங்கள் உப்பு உற்பத்தியாளர்களுக்கும் ஒன்று சொல்வேன். குறியீடும் சான்றிதழும் வரும்போது வரட்டும், மூட்டையில் 'மரக்காணம்' என்று அச்சடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற நீங்களும் கடையில் கல்லுப்பு வாங்கும்போது எந்த ஊர் உப்பு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், அடுத்த முறை விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.