பட்டர் படலம்

வங்கியில் இருந்தவரை ஆராயாமல் யாருக்கும் கடன் கொடுத்தவனல்ல நான். ஓய்வு பெற்றதும் எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டைக்குப் பட்டர் என்று பெயர். நான் வாங்கியது 400 அமெரிக்க டொலர். கனடாவிலிருந்து வந்த மச்சான் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். வீட்டில் ரூபாயில் விலை சொன்னபோது ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 வர்த்தமானியின்படி 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் இது ஏறத்தாழ 90 நாள் கொழுந்து. லயத்தில் பிறந்த நான் இந்த வகுத்தலை வாங்குமுன் செய்திருக்கலாம். கல்குலேட்டர் மேசைமேல்தான் கிடந்தது.

டைகர் வூட்ஸ் தம் 15 பெரும் பட்டங்களில் 14ஐ ஸ்கொட்டி கமரன் என்ற வடிவமைப்பாளர் செய்த ஒரே பட்டரால் வென்றார் என்று படித்த நாளில் எனக்குச் சனி பிடித்தது. அதே ஆர்வத்தோடு பென் கிரென்ஷோ என்ற வீரரைப் பற்றியும் படித்திருக்க வேண்டும். அவருடைய பட்டர், 16 வயதில் அப்பா 20 டொலருக்கு வாங்கிக் கொடுத்தது. 1984இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை அதைக்கொண்டே வென்றார். 1987 ரைடர் கிண்ணப் போட்டியில் கோபத்தில் அதை உடைத்துவிட்டு, வேறு இரும்பு மட்டைகளால் உருட்டியே ஆட்டத்தைக் கடைசிக் குழிவரை இழுத்தார்.

உண்மையான கண்டுபிடிப்பு கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியியலாளருடையது. மட்டைத் தலையின் எடையை இரு ஓரங்களுக்கும் ஒதுக்கினார். பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. அவருடைய 'அன்சர்' பட்டருக்கு 1967இல் காப்புரிமை கிடைத்தது. அது எப்போதோ காலாவதியாகிவிட்டது. இன்று மலிவு மட்டைகளும் என் மட்டையும் அந்த வடிவத்தின் பிள்ளைகளே. மிச்சப் பணம் உருக்குக் கட்டியைக் கடைந்த நேர்த்திக்கும், பெயருக்கும், உறைக்கும். பந்தைத் தொடும்போது சுகமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தச் சுகத்தை உணர உள்ளங்கை வேண்டும். நுவரெலியாவின் காலைக் குளிரில் என்னுடையது மரத்துக் கிடக்கும்.

நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889இல் தொடங்கியது. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்று விதியானதே 1891இல்தான். 8 அடி தூரத்திலிருந்து அமெரிக்கத் தொழில்முறை வீரர்களே பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள் என்று நான் சமாதானம் சொல்வதுண்டு. ஆனால் என் சாதனைகள் இரண்டடியில்.

"மேடு மாதிரித் தெரியும் சேர், இறக்கம்தான். மெல்லத் தட்டுங்க," என்றார் பை தூக்கிவந்த கெடி. அந்தச் சரிவுகளைப் பல வருடமாக நடந்து பார்த்தவர். நான் 400 டொலரை நம்பினேன். பந்து குழியை நலம் விசாரித்துவிட்டுக் கீழே உருண்டது. போன இடத்திலிருந்து இன்னும் மூன்று தட்டு. "நல்ல மட்டை சேர்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

புதிதாக ஆட வருபவர்கள் அன்சர் வடிவத்தில் பழைய மட்டையொன்றை வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் கெடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அதையும் மீறி விலையுயர்ந்ததுதான் வேண்டுமென்றால் என்னுடையது விற்பனைக்கு இருக்கிறது. முழு விலை கேட்டால் வீட்டில் மாட்டிக்கொள்வேன், சொன்ன விலைக்குக் கொடுத்தால் நெஞ்சு தாங்காது. இடையில் ஒரு தொகை பேசலாம். தயவுசெய்து வீட்டுக்கு வராதீர்கள். ஹட்டன் ரயில் நிலையத்தில் சந்திப்போம்.