அகத்தியர் மலையடிவாரத்தில் ஒரு நடுக்குவாதம்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாகப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டம் வரை ஜீப் போகும். அதற்கு மேல் நடை. நடந்து ஏறினால் 1868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். சித்த மருத்துவம் தன் ஆதி ஆசானாகக் கொண்டாடும் முனிவரின் மலை அது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்த பிறகே நோயின் பெயரைச் சொல்லு என்பது அந்த மருத்துவத்தின் முறை. அதே அடிவாரத்தில் ஓடும் மாருதி ஜிப்சிகளுக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளுக்கும் அந்த முறை வேண்டும். வொர்க்‌ஷாப் தலைவரை ‘ஆசான்’ என்றழைக்கும் ஊரில் இதைக் கேட்பது அதிகமில்லை.

அவற்றைப் பிடிக்கும் நடுக்குவாதத்தின் இலக்கணம் முதலில். முன்புறப் பட்டைகளுக்கு (லீஃப் ஸ்பிரிங்) நீளமான ஷேக்கிள் மாட்டி, பெரிய டயர் போட்டு, வண்டியை உயர்த்தியாயிற்று. மலையில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து பைபாஸில் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும், கழக்கூட்டம் மேம்பாலத்தின் இணைப்பு ஒன்று சக்கரத்தில் தட்டுகிறது. ஸ்டியரிங் கையை உதறுகிறது. முன்சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ள, டேஷ்போர்டு குலுங்குகிறது. வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை அது நிற்பதில்லை. டயர் பேலன்ஸ் தப்பியதால் வரும் அதிர்வு வேறு: அது குறிப்பிட்ட வேகத்தில் வரும், அந்த வேகம் தாண்டினால் போய்விடும். இது அப்படியன்று. ஒருமுறை தொடங்கினால் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

எப்படி வளர்கிறது? இவ்வண்டிகளில் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு பிணைத்திருக்கிறது. இடச்சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுதும் சாய்கிறது. சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால், பம்பரத்தைப் போலவே, அது சாய்த்த திசைக்குப் போகாமல் பக்கவாட்டில் திரும்பும். சக்கரம் திரும்பினால் டயர் தரையைப் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பு அச்சை மறுபக்கம் சாய்க்கும். இந்தச் சுற்றுக்குத் தேவையான ஆற்றலை ஓடும் வண்டியே கொடுக்கிறது. அதனால்தான் வேகம் குறைந்தால் நோயும் அடங்குகிறது. ஆகவே ஆட்டம் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, பின்னால் வருபவரைக் கவனித்தபடி மெல்ல ஓரம் கட்டுங்கள்.

இது உலகம் முழுவதையும் வாட்டிய நோய். 1920களில் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சக்கரப் பிரேக்கும் வந்தபோது கார்களெல்லாம் நடுங்கின. பிரான்ஸின் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925இல் டயரின் பக்கச் சறுக்கலைக் கொண்டு இதை ஆராய்ந்தார். ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி செய்த வேலையின் பயனாக 1934 மாடல்களில் இரு முன்சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. பிணைப்பு அறுந்ததும் நோயின் வேரும் அறுந்தது. 2020இல் வந்த மஹிந்திரா தாரின் முன்பக்கம் அப்படித்தான். அதை உயர்த்தினால் அலைன்மென்ட் கெடும், டயர் தேயும், ஆனால் இந்தக் குறிப்பிட்ட நோய் வராது. 1985இல் வந்த ஜிப்சியோ கடைசிவரை இரும்பு அச்சையும் பட்டையையும் விடவில்லை. பாறையில் அதன் வலிமை அதுதான், பைபாஸில் அதன் பலவீனமும் அதுவே.

உயர்த்தியதன் பங்கு என்ன? சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓட்டியவருக்கு இது தெரியும்: முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது சக்கரம் தானே நேராக உதவுகிறது. ஜிப்சியில் அந்தச் சாய்வை, அதாவது கேஸ்டரை, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் தருகிறது. கம்பெனி வைத்தது சுமார் மூன்றரை பாகை. ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டை முன்னோக்கித் தாழ்ந்து அச்சு உருண்டு, அந்த மூன்றரையில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கும் கூடுதலாகச் சாய்கிறது. மேடு ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங்கைத் தானே இழுக்கிறது. இதோடு கனத்த டயரின் பம்பர வலு. ஆனாலும் நான் பார்த்தவரை, உயர்த்தியது மட்டுமே நோயை உண்டாக்குவதில்லை. பழைய தேய்மானம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கம்பெனி அளவில் அடங்கிக் கிடந்தது, உயர்த்தியதும் வெளியே வருகிறது.

இந்த ஊரில் தேய்மானத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இரண்டு பருவமழை, கடற்காற்றின் உப்பு, அம்பூரிச் சேறு. ஓடையில் இறங்கி ஏறும் வண்டியின் முட்டுச் சீல் கிழிந்தால் தண்ணீர் கிங்பின் பேரிங்கில் போய் உட்காரும். அங்கே துரு பிடித்து இறுக்கம் போனால், எத்தனை தடவை அலைன்மென்ட் செய்தாலும் பலனில்லை.

பரிசோதனையில் மொழி முதலில்: எந்த வேகத்தில், எதில் தட்டிய பிறகு, எந்த வேலைக்குப் பிறகு என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். காற்றழுத்தத்தைப் பாருங்கள், மலையில் இறக்கிய காற்றை நிரப்ப மறந்தே பலர் திரும்புகிறார்கள். அடுத்தது ஸ்பரிசம், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சக்கரம் தரையில் இருக்க, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டட்டும். இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு டை ராட் என்டிலும், டிராக் லிங்க் முனையிலும், ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில் பொருந்தும் இடத்திலும், பட்டை புஷ்ஷிலும் கை வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிளே விரலில் தட்டும். பிறகு ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். அசைந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். அசைவு நின்றால் குறை வீல் பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பினில். கிங்பினின் இறுக்கத்தை ஷிம் எடுத்துச் சரிசெய்யலாம். பேரிங் துருப்பிடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இத்தனையும் இறுகிய பிறகே கேஸ்டரை அளக்க வேண்டும். குறைந்திருந்தால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைத்து, கிங்பினின் தலையைப் பின்னுக்குக் கொண்டுவரலாம். அளவோடு வையுங்கள்: அச்சு உருளும்போது முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். ஷிம் வைக்கக் கழற்றிய யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. இதைத் தெரிந்துகொண்டே ஷேக்கிளை நீட்டுங்கள். பைபாஸில் பக்கத்தில் வரும் ஸ்கூட்டர்காரர் உங்கள் வண்டியை நம்பித்தான் வருகிறார்.

ஸ்டியரிங் டாம்பர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நல்ல டாம்பர் ஆட்டத்தை அமுக்கும். அடியில் தேய்ந்த மூட்டு தொடர்ந்து தேயும், ஒருநாள் டாம்பரும் தோற்கும். மூட்டுகள் சரியாக உள்ள ஜிப்சி டாம்பர் இல்லாமலும் ஆடாது. வாங்கிவிட்டீர்கள் என்றால், அடியில் படுத்துக் கை வைத்துப் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.