சாயம் மாறிய சட்டை: தூத்துக்குடிச் சலவையியலுக்கு ஒரு முன்னுரை

சலவை விபத்து குறித்து வீடுகளில் நடக்கும் விசாரணை எல்லாம் தண்ணீரில் தொடங்கி சோப்புத்தூளில் முடிகிறது. இரண்டுக்கும் வாய் கிடையாது என்பதால் பழிபோட வசதி. இவ்வாய்வு காணும் முடிவு வேறு: சாயம் துணி விட்டுத் துணி பாய்வதற்கு முன்னால், ஒரு தகவல் ஆள் விட்டு ஆள் போகாமல் நின்றிருக்கும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நேர்வு, தூத்துக்குடியில் பல வீட்டுத் துணியையும் ஒரே மிஷினில் போடும் ஒரு சலவைக் கடை. (ஆய்வு நெறி கருதிப் பெயர் மறைக்கப்படுகிறது. கடைக்காரரும் அதையேதான் கேட்டுக்கொண்டார்.) ஜூலை 26 அன்று பனிமய மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டால் ஆகஸ்ட் 5 திருவிழா வரை அங்கே வெள்ளைத் துணி குவியும். அந்தக் குவியலுக்குள் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் ஒருவரின் புத்தம்புது நீலக் கைலி புகுந்துவிட்டது. விளைவாக, ஓர் அண்ணாச்சியின் திருவிழாச் சட்டை காலரில் லேசாகவும் அக்குளில் அடர்த்தியாகவும் பைக்குள் திட்டுத்திட்டாகவும் நீலம் பாரித்தது. நீலம் மாதாவுக்கு உகந்த நிறம்தானே என்று கடைக்காரர் இறையியல் வழியில் ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

"சாயம் போற துணி கிடக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தனியாப் போட்டிருப்பேன்லா, அண்ணாச்சி!"

"கைலி என்ன எனக்குள்ளதாவே? நான் எதுக்குச் சொல்லணும்?"

இந்த இரண்டு வாக்கியங்களில் முழுக் கோட்பாடும் அடங்கிவிட்டது. இருந்தாலும் கட்டுரையை நீட்டுவது ஆய்வாளரின் கடமை.

முதலில் உப்புக் கொள்கை. புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்பது பாட்டிமார் வாக்கு. அது மெய்யானால், சுற்றிலும் உப்பளமாகக் கிடக்கிற இந்த ஊரில் ஒரு நூலும் சாயம் விடக் கூடாது. சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு உதவுகிறது, உண்மைதான். ஏறியபின் ஒட்டாமல் நிற்கிற சாயத்தைப் பிடித்துவைக்க அதற்குத் திராணி இல்லை. அடுத்தது கடினநீர்க் கொள்கை. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படியும், வெள்ளை பழுப்பேறும். ஆனால் எந்தக் கடினநீரும் வெள்ளையை நீலமாக்கியதாகத் தெரியவில்லை. இரு கொள்கைகளும் இத்துடன் தள்ளுபடி.

இனி உலகளாவிய சான்று. 1958இல் வில்லியம் ஜேகப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இந்தியாவுக்கு வந்து, பிற்பாடு லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கட்டம் போட்ட மெட்ராஸ் கைத்தறித் துணியை வாங்கினார். பச்சைத் தண்ணீரில் பதமாக அலச வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்ததாக நாயர் சொல்லிவந்தார். அந்த ஒரு வரி மட்டும் கப்பல் ஏறவில்லை. நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் அத்துணியில் தைத்த உடுப்புகளை வாங்கியவர்கள் மிஷினில் போட்டார்கள். கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின. வழக்கு, நஷ்டஈடு என்று பேச்சு கிளம்பி, நாயர் அமெரிக்காவுக்கே போக நேர்ந்தது. அங்கே 'செவன்டீன்' இதழில் அந்தத் துணியை இந்தியாவின் அதிசயம் என்று கொண்டாடி ஒரு கட்டுரை வந்தது. பிறகு சாயம் போவதற்கே உத்தரவாதம் தந்து விற்றார்கள், விற்றும் தீர்ந்தது. நம் கடைக்காரருக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை, மாதாவோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு சிறு விலகல். கடை மேசையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. சட்டைப் பைகளிலிருந்து மிஷினுக்குள் உதிர்ந்தவை அதில் சேரும்: நாணயங்கள், மூடியில்லாத பேனா, கூழாகி உலர்ந்த லாரி எடைச்சீட்டு. சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, கழுவிக் கழுவி, அடியில் தங்கியதைத் துழாவி முத்தெடுத்த கரை இது. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. துழாவும் பழக்கம் மட்டும் டின்னில் தொடர்கிறது.

துணி கொடுப்பவரும் வெளுப்பவரும் ஒரு குழப்பமுமின்றிப் புரிந்துகொண்ட தருணமும் இவ்வூர் வரலாற்றில் உண்டு. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் கோரல் மில் தொழிலாளர்களோடு, நாவிதர்களும் ஜட்கா வண்டிக்காரர்களும் சலவைத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். அழுக்கு மூட்டை அவிழ்க்கப்படாமல் கிடந்ததற்குக் காரணம் என்ன என்று ஊரில் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தகவல் அவ்வளவு துல்லியமாகப் போய்ச் சேர்ந்த சலவை அதற்குப் பின் நடக்கவில்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

நேர்வுக்குத் திரும்பினால், சட்டைக்குப் பாதி விலை தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டு, மீதியைக் கைலிக்காரரிடம் கேட்கப் போனார். அவர் கைலியை வெயிலில் விரித்துப் பார்த்தார். ஒரு துவைப்புக்கே வெளுத்துப் போயிருந்தது. தன் சாயம் முழுவதும் அண்ணாச்சி சட்டையில்தான் இருக்கிறது, அதற்குரிய பணத்தை முதலில் வாங்கித் தாருங்கள் என்றார்.