மாப்பிள்ளையின் மாடித் தோட்டம்

மாப்ள, கோவிச்சுக்காதீங்க. நேத்து ராத்திரி பூரா ஐப்பசி மழை ஊத்துச்சு. காத்தால நீங்க குடையைப் புடிச்சுக்கிட்டு முள்ளங்கிப் பைக்குத் தண்ணி ஊத்துனதை நானும் உங்க அத்தையும் ஜன்னல்ல நின்னு பார்த்தமுங்க. மழையை நம்ப மாட்டேங்கறீங்க, படிச்சவங்க!

தரை அழுக்காகுமுன்னு பைக்கு அடியில தட்டு வேற. தேங்காநாரு ஏற்கெனவே தண்ணியக் குடிச்சு வெச்சுக்கும். தட்டுலயும் தேங்குனா வேரு அழுகத்தான் செய்யும். கார்த்திகை முடியறவரைக்கும் தட்டை எடுத்து உள்ள வெச்சிருங்க, பலகாரமாச்சும் வெக்கலாம்.

முள்ளங்கிய நாத்து விட்டுப் புடுங்கி நட்டீங்களாமே, அம்முணி சொல்லுச்சு. வேரு ரெண்டாக் கவட்டையடிச்சு வருமுங்க. அதுக்குச் சின்னதா ஒரு கால்சட்டை தெச்சுப் போட்டுரலாம். அடுத்த தடவை பையிலயே நேரா வெதையை ஊனி, நெருக்கமா வந்ததைக் களைச்சு விடுங்க. களைச்ச கீரை பொரியலுக்கு ஆச்சு. 45 நாள்ல புடுங்கிரோணும். அழகா இருக்குதுன்னு விட்டுவெச்சா உள்ள பஞ்சாயிரும்.

கொத்தமல்லிய முழுசாவா போட்டீங்க? தேச்சு ரெண்டா ஒடைச்சுப் போடோணுமுங்க. மொளைக்கலைன்னு கடைக்காரனைத் திட்டி என்ன புண்ணியம்?

காலிபிளவரு வேண்டாமுன்னு சொல்லலை. பனிக்கு நல்லா வரும். ஆனா ஒரு பைக்கு ஒரே பூவு. அறுத்தா சோலி முடிஞ்சுது. போட்டோ எடுக்க நல்ல பயிரு.

அவரைதான் எனக்கு மனசு கேக்கலை. போன சித்திரையில போட்டீங்க, கொடி தண்ணித்தொட்டி மேல ஏறியும் பூவில்லைன்னு மூட்டை மூட்டையா உரம் வெச்சீங்க. நாட்டுக் கொடியவரை ராத்திரி நீளறவரைக்கும் பூக்காதுங்க. ஆடியில ஊனுனா கார்த்திகை, மார்கழிப் பனிக்குத் தானாப் பூக்கும். அவ்வளவு அவசரமுன்னா நம்ம கோயமுத்தூரு விவசாயக் காலேசுல குத்தவரை ரகம் விட்டிருக்கறாங்க, அது மாசம் பார்க்காது. உங்களாட்டம்.

பூ வந்ததும் அசுவினி கறுப்பா மொய்க்கும். நாங்க அடுப்புச் சாம்பலைத் தூவிருவோம். உங்க கேஸ் அடுப்புல சாம்பலுக்கு எங்க போறது? லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புத்தண்ணி விட்டுக் கலக்கி, வெயில் தாழ அடிங்க.

தைக்கு வர்றனுங்க. வெறுங்கையோட வந்தா நல்லாருக்காது, ஒரு கூடை அவரைக்காயும் கொண்டாந்துர்றேன். எதுக்கும் இருக்கட்டுமுங்க.