வேட்டி மனுப் போட்டதா, ஐயா?

பெருமதிப்பிற்குரிய அதிகாரி ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

தாங்கள் அனுப்பிய நோட்டீஸ் ஒப்புகை அட்டையோடு பத்திரமாக வந்து சேர்ந்தது. தாமிரபரணிக் கரையில் முன் அனுமதியின்றிக் குப்பையைக் குவித்த எங்களுக்கு ஏன் அபராதம் விதிக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். அள்ளிய மூட்டைகளை ஏற்றிப்போக லாரி கேட்டு நாங்கள் போட்ட மனு இன்னும் தங்கள் அலுவலகத்தில் உறங்குகிறது. கேட்காத நோட்டீஸ் ஓடோடி வந்துவிட்டது. தங்கள் சுறுசுறுப்புக்கு முதல் வணக்கம்.

குவித்தது நாங்கள்தான். பாபநாசத்தில் பரிகாரம் முடித்து முங்கி எழுந்தவர்கள் ஆற்றோடு விட்டுப்போன வேட்டி, சேலை, துண்டு. பருத்தியாவது என்றாவது மக்கும். பாலியஸ்டர் இருக்கிறதே, அது பாவத்தைவிடக் கெட்டி. மணல் ஏறி, பாறை இடுக்கில் சுற்றிக் கிடக்கிற ஒரு சேலையை உருவுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அத்தனை துணியும் ஆற்றுக்குள் போனபோது எந்த வேட்டியாவது தங்களிடம் மனுப் போட்டதா? தண்ணீருக்குள் கிடந்தவரை தங்கள் கண்ணுக்கு அது குப்பையே இல்லை. கரையேறியதும் குப்பையாகிவிட்டது, பக்கத்தில் நின்ற நாங்கள் குற்றவாளிகளாகிவிட்டோம்.

இதில் எங்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணியே தன் வயிற்றில் கிடந்த துணியையும் பாலித்தீனையும் அள்ளி, கரையோர மரமெல்லாம் தொங்கவிட்டுப் போனாள். மனுப் போடாமல்தான். அவளுக்கு நோட்டீஸ் போயிற்றா? முகவரி தெரியாமல் நின்றுபோயிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: பொதிகை மலை முதல் புன்னைக்காயல் வரை.

திருநெல்வேலியில் ஆற்றில் கலக்கிற சாக்கடையும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை. 2024இல் உயர் நீதிமன்ற நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். சாக்கடை கொஞ்சமும் பதறவில்லை. தங்கள் நிழலில் இருப்பவருக்கு என்ன பயம்!

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நாங்கள் தரம் பிரிக்கவில்லை என்பது நோட்டீஸின் இரண்டாம் பத்தி. உண்மை. பாலித்தீன் பைக்குள் அழுகின வாழைப்பழம், அதைச் சுற்றி வேட்டி, வேட்டிக்குள் ஷாம்பு பாக்கெட். எதை எதிலிருந்து பிரிக்க? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அரசு 2019 ஜனவரி முதல் தேதியிலேயே தடை செய்துவிட்டதால், நாங்கள் அள்ளிய கப்பும் பையும் சட்டப்படி இல்லாதவை என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறோம். இல்லாத குப்பைக்கு அபராதம் செல்லுமா என்று தங்கள் சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

ஐயா, எங்களோடு வந்த பையன் ஒருவனுக்குக் காலில் பாட்டில் சில்லு ஏறித் தையல் போட்டிருக்கிறது. பிளஸ் டூ படிக்கிறான். அவன் பெயரும் நோட்டீஸில் இருக்கிறது. அதை டைப் அடிக்கும்போது உங்களில் ஒருவருக்குக்கூடக் கை கூசவில்லையா? திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இது. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக் குடித்தீர்களே, அந்த டம்ளரில் இருந்ததும் இதுதான்.

மன்னிக்க வேண்டும். தங்கள் பெருந்தன்மையை ஒரு நிமிடம் மறந்துவிட்டோம்.

அபராதத்தைக் கட்டச் சொன்னால் கட்டிவிடுகிறோம். ரசீதில் மட்டும் 'ஆற்றிலிருந்து எடுத்ததற்காக' என்று தெளிவாக எழுதித் தர வேண்டும். சட்டம் போட்டு மாட்டிக்கொள்வோம். மூட்டைகள் இன்னும் கரையில்தான் இருக்கின்றன. மழை வருவதற்குள் லாரி வராவிட்டால் அவை மறுபடியும் ஆற்றுக்குள் இறங்கிவிடும், வழக்கம்போல மனுப் போடாமல்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குப் படித்துறையில் இருப்போம். அடுத்த நோட்டீஸை நேரில் கொடுக்க ஆள் அனுப்புவதானால் கொஞ்சம் வாட்டசாட்டமானவராக அனுப்புங்கள். பாலத்தடியில் ஒரு ஜமுக்காளம் மாட்டியிருக்கிறது. எங்களால் இழுக்க முடியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
குப்பை குவித்தோர்