கடவுள் செய்யும் கமிட்டி

ஒரு மனிதனைக் கடவுளாக்க என்ன செலவாகும்? ரோமில் அதற்கு விலை நிலவரம் இருந்தது. கி.பி. 14-இல் சக்கரவர்த்தி அகஸ்டஸ் செத்து, சிதை எரிந்து முடிந்ததும், நுமேரியஸ் அட்டிகஸ் என்ற செனட்டர் முன்வந்து, அவர் வானத்துக்கு ஏறிப்போனதைக் கண்ணாரக் கண்டதாகச் சத்தியம் செய்தார். விதவை லிவியா கொடுத்த சன்மானம் பத்து லட்சம் செஸ்டெர்ஸ். கி.பி. 38-இல் சக்கரவர்த்தி கலிகுலாவின் தங்கை துருசில்லா செத்தபோது லிவியஸ் கெமினியஸ் என்ற இன்னொரு செனட்டருக்கும் அதே காட்சி தெரிந்தது. பொய்யென்றால் தானும் தன் பிள்ளைகளும் நாசமாய்ப் போக வேண்டும் என்று பிள்ளைகளையும் பணயம் வைத்தார். அவருக்கும் அதே பத்து லட்சம். கால் நூற்றாண்டில் விலை ஏறவே இல்லை. சாட்சிகளுக்கு அவ்வளவு மலிவு.

தலைநகரில் கூலிக்கு நடந்த இந்த வேலையை ஆசியா மாகாணத்தில், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், கைக்காசு போட்டுச் செய்தார்கள். மாகாணத்து ஊர்களின் பொதுச்சபை ஒரு போட்டி அறிவித்தது: அகஸ்டஸ் என்னும் தெய்வத்துக்கு யாருக்கும் தோன்றாத பெரிய மரியாதையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குக் கிரீடம். கி.மு. 9 வாக்கில் அதைத் தட்டிச் சென்றவர் பவுலஸ் ஃபாபியஸ் மாக்ஸிமஸ். அகஸ்டஸ் பிறந்த செப்டம்பர் 23-ஐயே வருடப் பிறப்பாக்கிவிடலாம் என்பது அவருடைய யோசனை. அவர் யார் என்றால், அந்த மாகாணத்துக்கே ஆளுநர். நடுவர்கள் பாவம், எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டு யோசித்தார்களோ! தீர்மானத்தைக் கல்லில் வெட்டி ஊர் ஊராக நட்டார்கள். பிரியேனே என்ற ஊரில் கிடைத்த கல் அதற்குச் சாட்சி.

அகஸ்டஸுக்கு அடுத்து வந்த சக்கரவர்த்தி டைபீரியஸ் காலத்தில் நோய் முற்றிவிட்டது. அவருக்கும் அவர் அம்மாவுக்கும் செனட்டுக்கும் சேர்த்து ஒரு கோயில் கட்ட அனுமதி கிடைத்தது. எந்த ஊரில் என்பதில் பதினோரு ஊர்கள் முட்டிக்கொண்டன. கி.பி. 26-இல் பதினோரு தூதுக்குழுக்களும் ரோமில் செனட்டின் முன் வாதாடின. நாட்கணக்கில் நடந்த இந்த வழக்கை வரலாற்றாசிரியர் டாஸிட்டஸ் சிரிக்காமல் எழுதியிருக்கிறார், எப்படித்தான் முடிந்ததோ. ஹாலிகார்னஸஸ்காரர்கள், எங்கள் மண் 1,200 வருஷமாக அசைந்ததில்லை, கோயில் பாறைமேல் நிற்கும் என்றார்கள். சர்தைக்காரர்கள், இத்தாலியின் எட்ருஸ்கர்களுக்கு நாங்கள் பங்காளிகள் என்று வம்சாவளியை விரித்தார்கள். பெர்கமுவில்தான் ஏற்கெனவே ஓர் அகஸ்டஸ் கோயில் இருக்கிறதே என்று செனட்டர்கள் அதைக் கழித்துக் கட்டினார்கள். லவோதிக்கேயாவையும் இன்னும் சில ஊர்களையும், இவ்வளவு பெரிய பாக்கியத்தைத் தாங்க வக்கில்லாதவை என்று ஒதுக்கினார்கள்.

ஜெயித்தது சிமிர்னா. ரோம் இவ்வளவு பெரிதாக வளரும் முன்பே அதற்குக் கோயில் எழுப்பியவர்கள் நாங்கள் என்றார்கள். அது போதாதென்று இன்னொரு கதையையும் எடுத்துவிட்டார்கள். முன்பொரு குளிர்காலத்தில் ரோமானியத் தளபதி சுல்லாவின் படை துணியில்லாமல் நடுங்குகிறது என்று சேதி வந்ததாம். ஊர்க்கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் உடுத்தியிருந்ததை அங்கேயே அவிழ்த்து அனுப்பினார்களாம். ஊரே அம்மணமாக நின்றதைத் தகுதிச் சான்றிதழாக நீட்டி ஒரு கோயிலை வாங்கி வந்தார்கள். இந்தப் பதினோரு ஊரையும் யாரும் சாட்டையால் அடிக்கவில்லை. வரிசையில் நின்றார்கள், கெஞ்சினார்கள், கிடைக்காதவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவானுக்கும் வயிறு எரிந்திருக்கிறது. சக்கரவர்த்தி டொமிஷியன் ஆட்சியின் இறுதியில் எழுதியது என்பது பலருடைய கணிப்பு. பத்மு தீவிலிருந்து அவர் ஏழு சபைகளுக்கு எழுதுகிறார். எபேசு, சிமிர்னா, பெர்கமு, சர்தை, லவோதிக்கேயா என்று அவற்றில் ஐந்து, அந்தக் கோயிலுக்காக மல்லுக்கட்டிய ஊர்கள். டொமிஷியனோ, தன்னை எஜமான் என்றும் தெய்வம் என்றும் சொல்லியே அதிகாரிகள் பெயரில் கடிதம் எழுதவைத்த ஆசாமி. செத்துப்போன தன் பச்சைப் பிள்ளையை நாணயத்தில் உலக உருண்டைமேல் உட்காரவைத்து, கை நீட்டும் அந்தப் பிள்ளையைச் சுற்றி ஏழு நட்சத்திரங்களைப் பதித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் நிஜமாகவே இருக்கட்டும். அதை எல்லோர் மடியிலும் காசாகத் திணிப்பானேன்? யோவான் முதல் அதிகாரத்திலேயே ஏழு நட்சத்திரங்களை வேறொருவரின், கிறிஸ்துவின், வலக்கையில் கொடுத்துவிடுகிறார்.

அவர் காட்டும் மிருகங்கள் இரண்டு. முதலாவது கடலிலிருந்து வருகிறது. ஆளுநர்களும் கப்பலில்தான் எபேசுவில் வந்து இறங்கினார்கள். இரண்டாவது பூமியிலிருந்து எழும்புகிறது. பார்க்க ஆட்டுக்குட்டி, வாயைத் திறந்தால் வலுசர்ப்பம். முதல் மிருகத்துக்குச் சிலை வைக்கச் சொல்வதும், சிலையைப் பேசவைப்பதும், கையிலோ நெற்றியிலோ முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது என்று சட்டம் போடுவதும் இந்த உள்ளூர்ச் சரக்குதான். இது மாகாணத்துப் பெரிய மனிதர்களையும் சக்கரவர்த்தி பூசாரிகளையும் குறிக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நம்மவர்களுக்கோ காலங்காலமாக முதல் மிருகத்தின் மேல்தான் கண். அதற்கு யோவான் தரும் எண்ணான 666-ஐ வைத்துக்கொண்டு போப்பைக் கண்டுபிடித்தார்கள், நெப்போலியனைக் கண்டுபிடித்தார்கள், பார்கோடில் கண்டுபிடித்தார்கள், தடுப்பூசியிலும் கண்டுபிடித்தார்கள். நீரோ சீசர் என்பதை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். ஓர் எழுத்து குறைந்தால் 616, அப்படியே சொல்லும் பழைய பிரதியும் உண்டு. கூட்டல் கழித்தலில் இவ்வளவு கெட்டிக்காரர்கள், சிலைக்குத் தேங்காய் உடைக்கும் பக்கத்து வீட்டுப் பிரமுகரை ஒருநாளும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரிடம் நாளைக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும்.

டொமிஷியன் கிறிஸ்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார் என்பதற்கு ஆதாரம் மெலிவு. அந்தச் சபைகளில் கொல்லப்பட்டவர் என்று யோவான் பெயர் சொல்வது பெர்கமுவின் அந்திப்பா ஒருவரைத்தான். யோவானுடைய கோபத்தில் பாதி சொந்த ஆட்கள் மேலேயே. தொழிற்சங்க விருந்தில் படையல் கறி பரிமாறுகிறார்கள், சாப்பிட்டால் என்ன, சாமி மனசில்தானே இருக்கிறது என்று தியத்தீராவிலும் பெர்கமுவிலும் சமாதானம் சொல்லிக்கொண்டவர்கள் மேல். எனக்கு ஒரு குறையும் இல்லை, பணம் இருக்கிறது என்று லவோதிக்கேயாவில் வயிற்றைத் தடவிக்கொண்டவர்கள் மேல். யோவான் ரோமுக்கு வைத்த பெயர் பாபிலோன். அது விழும்போது அழுகிறவர்களில் வியாபாரிகளும் உண்டு. பொன், முத்து, பட்டு, தந்தம், லவங்கப்பட்டை என்று நீளும் அவர்களுடைய சரக்குப் பட்டியலில் மனித உயிர்கள் வருவது ஆடு மாடு குதிரைக்கும் பிறகு, கடைசியில். (அந்தப் பட்டியலில் மிளகு இல்லை. ஆனால் மிளகு ஏற்றிய சேர நாட்டு முசிறியில் ஓர் அகஸ்டஸ் கோயிலைப் பியூட்டிங்கர் படம் என்ற ரோமானியச் சாலை வரைபடம் குறித்திருக்கிறது. காற்றுக்குக் காத்திருந்த வணிகர்களுக்கும் சாம்பிராணி போட ஓர் இடம் தேவைப்பட்டது போலும்.)

96 செப்டம்பரில் டொமிஷியனை அரண்மனைக்குள்ளேயே குத்திக் கொன்றார்கள். முந்தின நாள் வரை குனிந்து நின்ற செனட், ஏணி கொண்டுவரச் சொல்லி அவருடைய உருவங்களைப் பிடுங்கித் தரையில் அடித்தது. எபேசுவில் அவர் குடும்பத்துக்குக் கோயில் திறந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. காணிக்கை கொடுத்த ஊர்கள் கல்லில் பெரிதாக அவர் பெயரை வெட்டியிருந்தன. என்ன செய்தார்கள்? கோயிலை இடித்தார்களா? உளியை எடுத்து டொமிஷியன் என்ற பெயரைச் செதுக்கி எறிந்துவிட்டு, அந்தப் பள்ளத்திலேயே அவருடைய அப்பா வெஸ்பாசியனைத் தெய்வம் என்று எழுதினார்கள். செதுக்கிய தடம் கல்லில் அப்படியே தெரிகிறது. கோயில் காக்கும் ஊர் என்ற பட்டத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்தவத்தைத் தழுவிய சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் வந்தபின் கதை மாறியிருக்க வேண்டும். 330-களில் இத்தாலியின் ஹிஸ்பெல்லம் ஊரார் அவர் குடும்பத்துக்குக் கோயில் கட்ட அனுமதி கேட்டார்கள். மூடநம்பிக்கையின் தீட்டுப் படக்கூடாது என்ற நிபந்தனையோடு அவரும் கொடுத்தார். அதற்கு முன்பே, 325-இல், தன் ஆட்சியின் இருபதாம் ஆண்டு விருந்துக்கு ஆயர்களை அரண்மனைக்கு அழைத்திருந்தார். உருவிய வாளோடு நின்ற காவலர்களுக்கு நடுவே பயமில்லாமல் நடந்து உள்ளே போய்ச் சக்கரவர்த்தியோடு உண்டதை, கிறிஸ்துவின் ராஜ்யமே கண்முன் தெரிந்ததுபோல் இருந்தது என்று மெய்சிலிர்த்து எழுதியவர் செசரியாவின் ஆயர் யூசேபியஸ். யோவானின் நூலை வேதத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் அவருக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. தம் திருச்சபை வரலாற்றில் அதை ஏற்கத்தக்க நூல்களின் பட்டியலில் ஒருமுறையும், போலி நூல்களின் பட்டியலில் ஒருமுறையும் எழுதிவைத்திருக்கிறார்.