சொட்டும் காரும் சொட்டாத காரும்

எங்கள் குடியிருப்பில் ஒரு காரின் குணத்தைத் தரையைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். பார்க்கிங் டைல்ஸில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் போதும். சங்கச் செயலாளர் அதை ஒருமுறை சுற்றி வந்து, காரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், வண்டி ஒழுகுது" என்பார், வெளியே சொல்லக் கூடாத வியாதியைச் சொல்கிற குரலில். இருபது வயதைத் தாண்டிய என் காருக்கு அந்தக் குரல் நல்ல பழக்கம்.

நான் கலங்குவதில்லை. ஒழுகுவதில் பழைய அம்பாசடரின் கால் தூசுக்குக்கூட என் கார் சமானமாகாது. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், இங்கிலாந்திலிருந்து வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் சீதனம். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் என்று ஒன்று கிடையாது. தண்டிலேயே மரை மாதிரி பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்த மரை உள்ளே திருப்பிவிடும். அருமையான யோசனைதான். ஆனால் வண்டி நின்றால் தண்டும் நின்றுவிடும் என்பதை ஆயில் எப்படியோ தெரிந்துகொண்டது. அந்தக் காலத்து அரசு அலுவலக போர்டிகோக்களின் தரை ஏன் அப்படி இருந்தது என்பதற்கு இதற்குமேல் விசாரணை கமிஷன் தேவையில்லை.

"எங்கிருந்து சொட்டுது பாய்?" என்று எங்கள் மெக்கானிக்கிடம் கேட்டால் சட்டென்று பதில் வராது. சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு என்பது அவருடைய சித்தாந்தம். மேலே டேப்பெட் கவர் பேக்கிங் இறுகிப்போய்க் கசியும். அந்த ஆயில் பிளாக் மேல் வழிந்து, ஓடுகிற வேகக் காற்றில் பின்னால் போய், கியர்பாக்ஸ் பக்கம் சொட்டும். அதைப் பார்த்த மாத்திரத்தில் "பின் சீல் போச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்று ஸ்பேனரைக் கையில் எடுக்கும் தீவிரவாதிகள் நகரில் உண்டு. பேக்கிங் மாற்றுவது அரைமணி நேர வேலை. கியர்பாக்ஸை இறக்கினால் பர்ஸையும் கூடவே இறக்கி வைக்க வேண்டும். பாய் முதலில் இன்ஜினைச் சுத்தமாகக் கழுவித் துடைப்பார். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்பார். வந்ததும் டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்ப்பார். ஈரம் ஆரம்பிக்கிற மிக உயரமான இடம் எதுவோ, அதுதான் குற்றவாளி. மற்றதெல்லாம் வழியில் நனைந்த அப்பாவிகள்.

செயலாளரின் கார் விஷயமே வேறு. கவர் போட்டு மூடியே இருக்கும். அடியில் கோலம் போடலாம், தரை அவ்வளவு சுத்தம். ஒருநாள் காலை அதை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலமாக ஒரு புகை கிளம்பி, முதல் மாடி பால்கனி வரை போய் விசாரித்துவிட்டு வந்தது. பாய் டிப்ஸ்டிக்கை உருவினார். நுனியில் மட்டும் ஈரம்.

"ஒரு சொட்டுகூடக் கீழே விழலையே!" என்றார் செயலாளர்.

"கீழே விழலை சார். மேலே போயிடுச்சு."

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், இறுகிப்போன வால்வு சீல் வழியாக ஆயில் மெல்ல சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எரிந்து ஒரு குப் புகையாக வெளியேறும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் சந்தேகம் பிஸ்டன் ரிங் மேல். அது பெரிய வேலை. கறுப்புப் புகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது பெட்ரோல் அதிகமாகப் போகிற கதை. சில ஜெர்மன் கார்களின் கையேட்டில், 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில்வரை குடிக்கலாம் என்றே எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் அப்படிக் குடிக்கிறவரை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

"டேஷ்போர்டுல சிவப்பு விளக்கே எரியலையே?" என்று செயலாளர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். சாதாரணக் கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரியும்போது இன்ஜின் ஏற்கனவே மரணப் படுக்கையில் இருக்கலாம். அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும், 'வீடு பக்கம்தானே' என்று கிளம்பக் கூடாது.

தடுப்பு வேலைகளில் சுவாரசியம் குறைவு. ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்ல வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலைக்கூடக் கசிய வைத்துவிடும். நானே இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், மலிவான வைத்தியம். விருந்தோம்பலாக நினைத்து டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கு மேலே ஆயில் ஊற்றுவதும் ஆபத்து. கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

மற்றபடி வாரம் ஒருமுறை, சமதரையில், இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, திரும்பச் செருகிப் பார்த்தால் போதும். துடைக்கப் பழைய பனியன் உத்தமம். பழையது எது, நான் இன்னும் போட்டுக்கொண்டிருப்பது எது என்பதில் மட்டும் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. போன ஞாயிறு பாய் கையில் இருந்தது போட்டுக்கொண்டிருப்பது.